மானிட்டரில் ஒட்டிய தீக்குச்சிகள்

தீப்பெட்டி ஆபீஸில் ஆர்டர் எடுப்பது என் வேலை. எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும், நான் கீபோர்டிலேயே வேலையை முடிப்பேன்.

இன்று புது சாஃப்ட்வேர் போட்டார்கள். எங்கே போனாலும் குரல் "பட்டன், பட்டன்" என்கிறது. என்ன பட்டன் என்று சொல்வதில்லை. சேமிப்பதாக நினைத்து மதுரை ஆர்டரை அழித்துவிட்டேன்.

"ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் குடுங்க. கண் தெரியாதவங்களுக்காக வெப்சைட்டுல அப்படித்தான விதி?" என்று சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டேன்.

"அது வெப்சைட்டுக்கு சார். இது கம்ப்யூட்டர்ல ஓடுத சாஃப்ட்வேர்லா!"

முதலாளி அண்ணாச்சி சும்மா இருப்பாரா? பசையை எடுத்து மானிட்டர் கண்ணாடியில் தீக்குச்சி ஒட்டிவிட்டார்.

"ஒத்தக் குச்சி சேவு, ரெண்டு குச்சி டெலிட்டு. தடவிப் பாத்துக்கிடுங்க தம்பி."

தடவினேன். கண்ணாடியைத் தடவி என்ன செய்ய? குச்சி இருக்கும் இடத்தில் அழுத்த மவுஸ் வேண்டும், நான் அதைத் தொடுவதே இல்லை.

"நாளைக்கும் தப்பு வந்துச்சுன்னா வேற ஆளத்தான் போடணும்," என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை இருப்புக்கொள்ளவில்லை.

நாளைக் காலை சாஃப்ட்வேர்காரர் மறுபடி வருகிறார். வெப்சைட் பார்க்கும்போது மட்டும்தான் எனக்குக் கண் தெரியாது என்று அவருக்கு யார் சொன்னது? உங்களில் யாராவதா?