வாளியைக் கீழே வைத்த நாள்

உங்களில் பலருக்கு என்னைச் சாம்பார் வாளியோடுதான் தெரியும். நம் சபையில் அன்பின் விருந்து என்றால் பியூலா பரிமாறுவாள். அறுப்பின் பண்டிகையோ கல்யாணமோ, முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை ஓடுவாள். "நம்ம பியூலா மாதிரி வருமா!" என்பீர்கள். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பரிமாறுகிறவளிடம் யாரும் 'சாப்பிட்டியா' என்று கேட்பதில்லை. அதற்காகத்தான் வாளியைத் தூக்கினேன்.

நான் மன்னார்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். அப்பா சொந்த வயலில் சம்பா போடுகிறார். வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. அந்த வீட்டில்தான் நான் பட்டினி கிடந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒருநாள் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அவர்கள் அதை மறந்திருப்பார்கள். எனக்கு மறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, நல்ல வரன் அமைய வேண்டும் என்று உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தேன். பசி அடங்கியபோது எனக்குள் ஒரு பெருமை வந்தது. பிறகு புதன்கிழமையும் உபவாசம் என்றேன். கொஞ்ச நாளில், நான் சாப்பிடுகிற நாள் எது என்று தேட வேண்டியதாகிவிட்டது.

சபையில் எல்லோரும் மெச்சினீர்கள். "உபவாசத்துல பியூலாவ மிஞ்ச ஆளு கெடையாது" என்று மற்ற பெண்பிள்ளைகளிடம் என்னைக் காட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உள்ளே இருந்தது வியாதி என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தப் பாராட்டு இருந்ததே, அதை மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

முடி கொட்டியது. மாதவிலக்கு நின்றுபோனது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன், பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் கரும்பலகைப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா என்னைப் பரிசோதித்தார். "இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. இப்படியே விட்டா உயிருக்கு ஆபத்து" என்றார். சாப்பாட்டுக்கும் மனசுக்கும் சேர்த்து வைத்தியம் செய்கிற இடம் திருச்சிப் பக்கம் இருக்கிறது, அங்கே போய்த் தங்கித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினேன். ஊருக்குத் தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? ஜெபிக்கிறவளுக்கு மனநல வைத்தியமா? வீட்டிலேயே சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணினேன். அம்மா போட்ட சோற்றைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் நாய்க்குக் கொட்டினேன். எங்கள் வீட்டில் அந்த நாய் ஒன்றுதான் நன்றாகப் பெருத்தது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஊருக்கெல்லாம் நெல்லு போவுது, எம் பொண்ணு வயித்துக்குப் போவலயே" என்று அழுதார். அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதும் என்னால் சாப்பிட முடியவில்லை. அதுதான் இந்த வியாதி.

அன்று சாயங்காலம் ஆளில்லாத ஆலயத்தில் போய் உட்கார்ந்தேன். வழக்கமான அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குச் சாகவும் பயமாயிருக்கு, சாப்பிடவும் பயமாயிருக்கு. என்னால முடியல. நீரே ஏதாவது செய்யும்" என்றேன். அவ்வளவுதான். வானம் ஒன்றும் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். போதகர் ஐயா, "தங்கை பியூலாவுக்காக வெள்ளிக்கிழமை சபையாக உபவாசம் இருந்து ஜெபிப்போம்" என்று அறிவித்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா எழுந்தார். பாட்டுக்கு மட்டுமே ஆலயத்தில் வாய் திறக்கிறவர்.

"ஐயா, மன்னிக்கணும். எம் பொண்ணுக்காக யாரும் பட்டினி கெடக்க வேணாங்க. அவ பட்டினி கெடந்தத எல்லாருமா சேந்து மெச்சுனோம். பெத்தவ நானும் மெச்சுனேன். போதுங்க. வெள்ளிக்கிழம எல்லாரும் சாப்புட்டுட்டு ஜெபம் பண்ணுங்க. அப்பறம் அவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைங்க."

எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. போதகர் ஐயா கையிலிருந்த அறிவிப்புத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "சரிம்மா. அப்படியே செய்வோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆலயத்துக்குப் பின்னால் உலை வைத்தீர்கள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். என்னை வாளியைத் தொட விடவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார வைத்தீர்கள். சோறு இலையில் மலை மாதிரி தெரிந்தது. நான் உருண்டை பிடித்து, பிடித்து, அப்படியே வைத்தேன். ஒருவரும் 'சாப்பிடு' என்று சொல்லவில்லை. எல்லோரும் உங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், சிலர் அழுதுகொண்டே. நான் கேட்டதற்கு ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அம்மாவின் காதில், "போறேம்மா" என்றேன்.

திருச்சிக்குப் போன அன்றே குணமாகிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. அந்த இடம் முதலில் எனக்கு நரகமாகத்தான் இருந்தது. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எடை பார்க்கும்போது திருப்பி நிற்க வைத்தார்கள்; எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியக் கூடாதாம். தட்டு காலியாகும் வரை நர்ஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கவளமும் பாவம் செய்கிற மாதிரி இருந்தது. அவர்கள் போனைத் தந்த அன்று, "என்னைய வந்து அழைச்சிட்டுப் போங்கப்பா" என்று கெஞ்சினேன். அப்பா, "இப்ப வேணாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவரை வெறுத்தேன். அன்று முழுக்க அவர் வயல் வரப்பை விட்டு வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

அங்கே பேசிப் பேசித்தான் தெரிந்தது, நான் பக்தி என்று நினைத்ததில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்று. மாத்திரையும் சாப்பிட்டேன், இன்றும் சாப்பிடுகிறேன். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னும் முழுக்கச் சுகமாகவில்லை. சில நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடத் தோன்றும். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் நீங்கள் எல்லோரும் உபவாசம் இருந்தபோது, டாக்டரம்மா சொன்னபடி நான் வேளை தவறாமல் தயிர்சாதம் சாப்பிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆண்டவருக்கு நான் கொடுக்க முடிந்த காணிக்கை அதுதான்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகையில், பழக்கதோஷத்தில் நேரே வாளியிடம் போனேன். அம்மா வந்து பிடுங்கினார். "போ, மொதப் பந்தில உக்காரு." உட்கார்ந்தேன். அப்பாவின் வயலில் விளைந்த அரிசி. அம்மாவே சோறு போட்டுக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்ததும் பயந்து பயந்து, "போதுமா?" என்றார்.

"இன்னுங் கொஞ்சம் போடும்மா" என்றேன்.

அம்மாவுக்குக் கண்ணீர் மறைத்து, அகப்பைச் சோறு பக்கத்து இலையில் போய் விழுந்தது. அந்த இலைக்காரர் அதையும் சேர்த்துப் பிசைந்துகொண்டார்.

அந்த ஒரு வாய்க்காக என் ஆண்டவருக்கு ஆயுசுக்கும் நன்றி. என்னைப் போல யாராவது இங்கே இருக்கலாம். நன்றாகச் சிரித்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டு நிற்கலாம். தங்கச்சி, அவரிடம் அழகாக ஜெபிக்க வேண்டியதில்லை, 'முடியல' என்று சொன்னால் போதும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போ என்று காட்டினால் போ, நானும் கூட வருகிறேன். வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு நீ உட்கார்.