சமாளிப்பார்கள் என்று சொன்னேன்

மெல்பேர்ணில் வைத்தியசாலைக்குப் போனால், எங்கே நோகிறது என்று கேட்பதற்கு முன்பே பிறைவேற் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். என்னிடம் இருந்தது. கண்ணில் புரை என்று சொன்ன மாதமே சத்திரசிகிச்சை முடிந்தது. என்னோடு வேலை செய்த மலருக்கு இடுப்பு மூட்டுத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. அவளிடம் இன்சூரன்ஸ் இல்லை. அரசாங்கத்தின் இலவச மெடிகெயர் இருக்கிறதே, காத்திருங்கள் என்கிறார்கள். காத்திருந்தே நொண்டியாகிவிட்டாள். அதற்கு நானும் காரணம்.

டண்டினொங்குக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். மலர் அங்கே உதவியாளர். நடக்க முடியாத பிள்ளைகளைத் தூக்கி இருத்துவது அவள் வேலை. ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியில் ஒரு பங்கை நிர்வாகம் கட்டிவந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் கட்டணம் ஏறியது. ஏறிய சுமையை யார் தலையில் இறக்கலாம் என்று தேடியவர்களுக்கு மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள்தான் கண்ணில் பட்டார்கள். புதுக் கட்டடத்துக்குக் கண்ணாடிச் சுவர் எழுப்பப் பணம் இருந்தது.

நான் ஊழியர் பிரதிநிதி. அதிபர் என்னை அழைத்து, உதவியாளர்களுக்கான பங்கை நிறுத்தினால் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்குமா என்று கேட்டார். அவர்களில் பலர் எங்கள் தமிழ் ஆட்கள். அதிபரான அந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் முன் எங்கள் ஆட்களைக் கையேந்துகிறவர்களாகக் காட்ட எனக்கு வெட்கம். “தே வில் மனேஜ்” என்றேன். அவர் நன்றி சொன்னார்.

முன்பு யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலத்தில் என் மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது அங்கத்தைய அதிபரும் கேட்டார்: “ஏதும் உதவி வேணுமோ, மாஸ்டர்?” “இல்லை சேர், சமாளிப்பன்” என்றேன். அன்று பின்னேரமே இரத்தம் கொடுக்க ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். முதல் தடவை வேண்டாம் என்பது எங்களுக்கு மரியாதை. கேட்பவர் அதை நம்பமாட்டார். இங்கே முதல் பதிலோடு கதை முடிந்தது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று கதவடிவரை எதிர்பார்த்தேன்.

பங்கு நின்றது. வாடகையா காப்புறுதியா என்ற நிலையில் மலர் காப்புறுதியை விட்டாள். நோவு வந்தபின், மீண்டும் சேர்ந்தாலும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்றார்கள் காப்புறுதிக்காரர். தூக்க முடியாதவளுக்கு வேலை நேரத்தையும் குறைத்தார்கள். நான் அதிபரிடம் போய்ச் சத்தம் போட்டேன். “நீங்கள்தானே சம்மதித்தீர்கள்?” என்றார், உண்மையான வியப்போடு. கண்ணாடிச் சுவரின் நிறத்தைத் தீர்மானிக்கக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்தவர்களுக்கு, இத்தனை பேரின் உடம்பைத் தீர்மானிக்க ஒரு கிழவனின் ஒற்றை வசனம் போதுமாக இருந்திருக்கிறது.

மலரின் குசினியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

“சேர், எங்களுக்காகப் பெருமை பேசச் சொல்லி உங்களிட்ட ஆர் கேட்டது?”

கதிரையை விடாமலே பிறகும் கேட்டாள்.

“உங்கட மானத்துக்கு என்ர இடுப்போ கிடைச்சது? உங்கட கண்ணைக் குடுத்திருக்கலாமே.”

பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அதைக் குடிப்பதுதான் கடினமாக இருந்தது.

போன கிழமை அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்தில் தம்பி ஒப்பரேஷனுக்கு ஒழுங்குசெய்திருக்கிறான். சக்கர நாற்காலியில் இருந்தவளின் மடியில் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு. அதற்குள் மடித்து வைத்த, பிறந்த நாட்டில் ஒரு மாதம் தங்குவதற்கான விசாப் பிரதி.

“விசா முடியிறதுக்குள்ள நடந்திடுவன், என்ன சேர்?”

அவளுக்காக இனி எந்தப் பதிலும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணியாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.