ரஃபி பாயின் எண்

ஊரையே நக்கலடிக்கப் பிறந்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. எங்கள் மாரத்தான் குழுவில் எல்லோர் கையிலும் லாக்டேட் அளக்கும் பட்டை ஒட்டியிருந்தது. ஓட்டத்தில் உடம்பு திணறினால், புளித்த மோரில் இருக்கும் அதே லாக்டேட் ரத்தத்தில் எகிறும். அந்த எண் பயிற்சியாளரின் போனில் தெரியும். என் எண் எப்போதும் சமர்த்தாகத் தாழ்ந்தே இருக்கும். உக்கடத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ரஃபி பாயின் எண்தான் ஏறும்.

"ஏனுங்க பாய், உடம்புல ரத்தம் ஓடுதுங்களா, புளிச்ச மோர் ஓடுதுங்களா?" என்பேன். குழுவே சிரிக்கும்.

ஒரு ஞாயிறு காலை மதுக்கரைச் சாலையில் கூடினோம். "என்னால குழு தோக்க வேண்டாமுங்க. போட்டிக்கு நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டு, பட்டையைக்கூடக் கழற்றாமல் தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்துவிட்டார் பாய். நான் மேட்டில் ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது, பயிற்சியாளர் போனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"சும்மா உக்காந்திருக்கற பாய்க்கு எப்படிங்க ஏறுது?"

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் பட்டைகளைப் போனில் இணைத்தவன் நான்தான். எங்கள் இருவர் பெயரையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். இத்தனை வாரமும் திணறியது நான்!

சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாய் எழுந்து வந்தார்.

"சிரிக்காதீங்கப்பா, மூச்சு வாங்குது அவருக்கு. உக்காருங்க தம்பி" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வெறும் மூச்சுதான் வந்தது.

மறுநாளே அவர் அணிக்குத் திரும்பிவிட்டார். அவர் பக்கத்தில் ஓட எனக்குத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.