நிஸ்தார் நானா எடுத்துவைத்த பதிவு

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் செய்தி வந்தது. கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றைப் பாதி போட்டிருந்தேன். மேசையில் கிடந்த போனில், “நிஸ்தார் நானா மௌத். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்” என்று இருந்தது. படித்துவிட்டுத் திரும்பிப் போய்க் கணக்கை முடித்தேன். விடை சரியாகத்தான் வந்தது. இடைவேளையில் கொண்டுபோன சோற்றையும் சாப்பிட்டேன். பிறகுதான் அதிபரிடம் போய், “ஹட்டனுக்குப் போகணும் சேர், தெரிஞ்சவர் ஒருத்தர் இறந்துட்டார்” என்று சொன்னேன்.

இந்த வலைப்பூவைப் படிக்கிற பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகில் போட்டோகொப்பி கடை வைத்திருந்தவர்; அண்ணன் என்ற முறையில் எல்லோருக்கும் நானா. எழுதியது நான். ஆனால் பன்னிரண்டு வருடங்களாக இந்தப் பக்கம் உங்களுக்குத் திறந்தது அவரால்.

ஆரம்பத்தில் என் முதல் கட்டுரையை அவரிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். பழைய எழுத்துருவில் அடித்துத் தந்ததை வீட்டில் வலையில் ஏற்றினால், ஒரு சொல்கூடத் தமிழாக இல்லை. கோடும் புள்ளியும் குறியுமாக ஏதேதோ. மறுநாள் கடையில் போய்ச் சத்தம் போட்டேன். அவர் திரையை எட்டிப் பார்த்தார். “இந்த எழுத்து என் மெசின்ல மட்டும்தான் தமிழ் டீச்சர். மத்தவங்களுக்கு இது குப்பை” என்றார். அவருக்கும் வேறு வழி அப்போது தெரியாது. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். எங்கிருந்தோ கற்றுக்கொண்டு, முழுவதையும் யுனிகோடில் மாற்றி வைத்திருந்தார். ‘ஒ’வும் ‘ஓ’வும் மாறிப்போன இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தியிருந்தார்.

கொஞ்சம் பழகியதும் எனக்கு ஆசை கூடிவிட்டது. பக்கம் திறந்தால் பாட்டு ஒலிக்க வேண்டும், மேலே படங்கள் தானாக ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒருநாள் நானா தன் போனை என் கையில் கொடுத்து, “உங்க பக்கத்தைத் திறங்க டீச்சர்” என்றார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் இரண்டு பேர் கொப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது இன்னும் சுற்றியது. “தோட்டத்து லயத்துல ஒரு கோடு சிக்னல்ல இருக்கிறவங்க இதைத் திறக்க வேணாமா?” என்று கேட்டார். அன்றே எல்லாவற்றையும் கழற்றினோம். அதன் பிறகு எழுத்தும் படமும் மட்டும்தான். படங்களையும் அவர் கடை மெசினில் சுருக்கித்தான் ஏற்றுவார். அவர் கடையில் இருந்தே வேலை நடக்க வேண்டும் என்பதற்காக இரண்டாவது நிர்வாகியாக அவர் பெயரையும் சேர்த்திருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதினேன். வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வமேரி சொன்னதை அவருடைய பெயரோடும் படத்தோடும் போட்டேன். நிறையப் பேர் படித்தார்கள். பின்னூட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. ஐந்தாம் நாள் பார்த்தால் பதிவைக் காணவில்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்து நானாவிடம் ஓடினேன்.

“நான்தான் டீச்சர். அழிக்கல்ல, வரைவில எடுத்து வச்சிருக்கேன்.”

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“இப்போதைக்கு அது உள்ள இருக்கட்டும்.”

தோட்ட ஆபீஸ் கடிதங்கள் எல்லாம் அவர் கடையில்தான் கொப்பி எடுக்கப்பட்டன. “ஆபீஸ் வேலை போயிடும்னு பயந்துட்டீங்க” என்றேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர் கையிலிருந்த தாள்களை மேசையில் தட்டி நேராக்கினார். “அப்படியே வச்சுக்கங்க டீச்சர்” என்றார். அன்று அவர் பெயரை நிர்வாகத்திலிருந்து எடுத்தேன், கடவுச்சொல்லையும் மாற்றினேன். வரைவில் கிடந்ததைத் தொடாமல், கூரையை மட்டும் படமெடுத்து, செல்வமேரியின் பெயர் இல்லாமல் வேறு ஒரு பதிவு போட்டேன். எட்டு மாதம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

போக வைத்தது என் முட்டாள்தனம். போனில் இடமில்லை என்று பழைய படத்தொகுப்பு ஒன்றை அழித்தேன். வலைப்பூவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன என்று எனக்குத் தெரியாது. மறுநாள் எல்லாப் பதிவிலும் படத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கட்டம். றொசல்லயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: “அம்மா போன வாரம் தவறிட்டாங்க. அவங்க சிரிக்கிற படம் உங்க பக்கத்தில மட்டும்தான் இருந்திச்சு. கருமாதிக்கு வேணும்.”

குடையை மடக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றேன். நானா நிமிர்ந்து பார்த்தார். “வாங்க டீச்சர். எந்தப் படம்?” என்றார். அதற்கு முன் எட்டு மாதம் என்று ஒன்று இருந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. படங்களைச் சுருக்கிய பழைய மெசின் பழுதாகி மேசைக்கடியில் கிடந்தது. அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் பொருத்தி, மூன்று நாள் மத்தியான நேரம் முழுக்கத் தேடினார். படம் கிடைத்தது. பெரிதாக்கினால் ஓரங்கள் கலங்கின. “சின்னதாத்தான் இருக்கு. ஆனா முகம் இருக்கு” என்று சொல்லி அச்சடித்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “பாஸ்வேர்டைச் சொல்லுங்க டீச்சர், மத்தப் படங்களை ஏத்தணும்” என்றார். சொன்னேன். அவர் பெயரையும் மறுபடி நிர்வாகத்தில் சேர்த்தேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அடக்கத்தன்று அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜனாஸாவை எடுத்துப் போனபோது எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். செல்வமேரி.

“நீங்க எப்படி இங்க?” என்றேன்.

“நானாவுக்கு வராம இருப்பனா டீச்சர்? அன்னைக்கு அந்தப் பதிவைப் பத்தித் தோட்ட ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாங்க. வேலையை விட்டு நிப்பாட்டிருவோம்னாங்க. பக்கத்தில ஏத்துறது இவர்னு தெரியும், இவர்கிட்டதான் ஓடி வந்தேன். உடனே எடுத்துட்டாரு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க நல்லதுக்குத்தானே எழுதினீங்க. மனசு சங்கடப்படுவீங்கன்னு, சொல்ல வேணாம்னு நான்தான் அவருகிட்ட கேட்டுக்கிட்டேன்.”

நான் “சரி” என்றேன். யாரோ தந்த தேநீரைக் குடித்தேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் என் பஸ் வந்து நின்றது, போனது. அடுத்ததில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வலைப்பூவின் உள்ளே போனேன். நிர்வாகிகள் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நான் எதையும் தொடவில்லை.

ஒருவரைப் பற்றி எழுதினால் அதை முதலில் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வருடம் எழுதிவிட்டு நானாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். அவர் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த அஞ்சலியில் உள்ள சம்பவத்தை எழுதலாமா என்று செல்வமேரியிடம் கேட்டேன். அவர் இப்போது வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் மகளோடு இருக்கிறார். “எழுதுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்” என்றார். நேற்று நானாவின் மனைவி பௌசியாவிடம் போனேன். கணவர் இறந்த பின் இருக்கும் இத்தாவில் இருப்பதால் அவர் வெளியே வருவதில்லை. அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து படித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரு வரியைத் திரும்பச் சொல்லி, “அந்த ஒரு வரி மட்டும் வேணாம் டீச்சர்” என்றார்.

எடுத்துவிட்டேன்.