தாய்மாமன் உட்கார்ந்த சோபா

என் நாத்தனாரைப் பெண் பார்க்க உடையார்பாளையத்திலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் முக்கியமானவர். அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். பெரம்பலூரில் எங்கள் வீட்டு நிலைப்படியில் அவர் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வந்தார். அப்போதே எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது.

மாமியார் அவரை நேராக ஹாலில் இருந்த சோபாவுக்கு அழைத்துப் போனார். "நடுவுல நல்லா உக்காருங்க" என்றார்.

அவரும் நடுவில் நன்றாக உட்கார்ந்தார். கேசரி சாப்பிடும்வரை ஒன்றும் ஆகவில்லை. காபி டம்ளரை வாங்குவதற்காக லேசாக முன்னால் நகர்ந்தபோது உள்ளேயிருந்து 'படக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், கீழே இறங்கினார். இடுப்பு தரைக்கு அருகில் போய் நின்றது. முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேராக வந்தன. காபி மட்டும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் பள்ளத்தில் இருந்தபடியே காபியைக் குடித்து முடித்தார். "காபி நல்லா இருக்குங்க" என்றார். என் கணவர் மழையைப் பற்றிக் கேட்டார். மழை இல்லை என்று அவர் கீழேயிருந்து பதில் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது அவருடைய தங்கை, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர எதுவும் கிடையாது.

என் நாத்தனார் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளைப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று தரகர் சொன்னார்.

கிளம்பும்போதுதான் சிக்கல். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. என் கணவர் ஒரு கையையும் தரகர் ஒரு கையையும் பிடித்து, விடைபெறக் கை கொடுப்பதுபோலவே பாவனை செய்து, மேலே இழுத்தார்கள். அவரும் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். கார் தெருமுனை திரும்பியதும் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோபாவில் அல்ல, நாற்காலியில்.

"போச்சு. சம்பந்தம் போச்சு" என்றார்.

போகவில்லை. மறுநாளே தரகர் போன் செய்து, அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, வளர்பிறையில் பூ வைக்க வருகிறார்கள் என்றார். உடனே வீட்டில் எல்லோர் பார்வையும் சோபா மேல் திரும்பியது.

அந்த சோபா எனக்குச் சீராக வந்தது. அரியலூரில் என் அப்பா வாங்கி, கட்டில் பீரோவோடு ஏற்றி அனுப்பியது. மெரூன் கலர் துணி, அதில் தங்க நிறத்தில் இலைகள். உண்மையைச் சொன்னால் வந்த நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்காது. வெயில் காலத்தில் முதுகைக் குத்தும், மழைக் காலத்தில் ஈர நாய் வாடை அடிக்கும். ஆனால் என் கணவர், "இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரலாம். பழசக் குடுத்தா எடுத்துக்கறாங்களாம்" என்றவுடன் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"எங்கப்பா வாங்கிக் குடுத்தது. தூக்கிப் போடணும்னா என்னையும் சேத்துத் தூக்கிப் போடுங்க" என்றேன்.

"அத நான் சொல்லவே இல்லியே."

"சொல்லாட்டி என்ன. நெனப்பு அதானே."

மாமியார் இந்தச் சண்டையில் என் பக்கம் நின்றது எனக்கே ஆச்சரியம். அந்த சோபாவை ஒருநாளும் நல்லவிதமாகச் சொல்லாதவர் அவர். யார் வந்தாலும், "சம்பந்தி வூட்டுல குடுத்தது, பாத்து உக்காருங்க" என்பார். இப்போது வேறு கணக்குப் போட்டார்.

"புதுசு வாங்கிப் போட்டா அந்த மனுசன் என்ன நெனப்பாரு? நம்மளாலதான் இவங்களுக்கு இந்தச் செலவுன்னு மனசு கஷ்டப்படுவாரு. இதே சோபா, இதே எடத்துல, அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒண்ணுமே நடக்கல."

"மறுபடி ஒடைஞ்சா?" என்றார் என் கணவர்.

"ஒடையாத மாதிரி ரிப்பேர் பண்ணு."

"அவரு அதப் பாத்தாலே பயப்படுவாரும்மா."

"அப்ப பிளாஸ்டிக் சேர் போடறியா? தாய்மாமனுக்கு பிளாஸ்டிக் சேரு. நல்லா இருக்குடா."

நாத்தனாரைக் கேட்டோம். கல்யாணம் அவளுக்குத்தானே. அவள், "எதையாவது பண்ணுங்க அண்ணி. ஆனா இந்த தடவை நான் தட்டு கொண்டு வர்றப்ப யாரும் உள்ள போயிறாம பாத்துக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் வாங்கிக் கொடுத்த பொருள் உடைந்தது அவருக்கு வேறு யார் மூலமாவது தெரிந்தால் வருத்தப்படுவார் என்று நினைத்துச் சுற்றிவளைத்துச் சொன்னேன்.

"எந்த சோபா?" என்றார்.

"நீங்க வாங்கிக் குடுத்தது."

"அதா? அது இன்னுமா இருக்கு? அன்னிக்கு வண்டி வாசல்ல நிக்குது, உங்கம்மா நல்ல நேரம் முடியப்போவுதுங்கறா. கடையில முன்னால கெடந்ததத் தூக்கிப் போட்டு அனுப்புனேன். உக்காந்துகூட பாக்கலம்மா."

இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "அப்பா என்ன சொன்னாரு?" என்று மாமியார் கேட்டதற்கு, "வருத்தப்பட்டாரு" என்றேன்.

ஆசாரி அரும்பாவூரிலிருந்து மொபெட்டில் வந்தார். மெலிந்த மனிதர். பேச்சு மட்டும் ஆறு ஆளுக்கு இருக்கும். சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்தார். உள்ளேயிருந்து ஒரு சீப்பு, டிவி ரிமோட், பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களை நான் திருத்தும் சிவப்பு மைப் பேனாக்கள் நாலைந்து, காய்ந்துபோன முறுக்கு ஒன்று வந்தன. அதன் பிறகு மரம் தெரிந்தது. ஏதோ சரக்கு வந்த பெட்டியைப் பிரித்த பலகை. அதன்மேல் 'நனையாமல் வைக்கவும்' என்பதற்கான குடைப் படமும், மேல்நோக்கி இருக்கவேண்டிய ஓர் அம்புக்குறியும் அச்சாகியிருந்தன. அம்பு பக்கவாட்டில் அடுப்படியைக் காட்டியது.

"மேல இருக்கறதுதாம்மா சோபா. உள்ள இருக்கறது பெட்டி" என்றார் ஆசாரி.

நான் மாமியாரைப் பார்க்கவில்லை. மாமியாரும் பெரிய மனது பண்ணி, "அந்தக் கடைக்காரன் உங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டான் பாரு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"ரிப்பேரு பண்ணலாமா, புதுசே வாங்கிறலாமா? நீங்களே சொல்லுங்க" என்று என் கணவர் ஆசாரியைக் கேட்டார், எப்படியும் புதிது என்பார் என்ற நம்பிக்கையில்.

"புதுசு வாங்குறதுன்னா என்னய எதுக்குங்க வரச் சொன்னீங்க?" என்றார் ஆசாரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. "உக்கார்றவரு என்ன எடை இருப்பாரு?" என்று அடுத்துக் கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. மாமியார் கையால் அகலம் காட்டினார். என் கணவர் உயரம் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆசாரி பெட்டிப் பலகையைத் தூக்கித் தூர வைத்தார். பிறகு போய், எங்கோ இடித்த ஓட்டுவீட்டின் உத்தரம் ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி வந்தார். அதை அறுத்து, குறுக்கே மூன்றும் நெடுக்கே இரண்டுமாகக் கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கினார். கடைசியில் பழைய துணியையே மேலே இழுத்துத் தைத்து ஆணி அடித்தபோது, வெளியிலிருந்து பார்க்க அது அதே சோபாதான். முன்பைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். உட்கார்ந்தால் என் கால் தரையில் படவில்லை.

மாமியார் அதையும் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். கடையிலிருந்து வந்திருந்த அரிசி மூட்டைகளைச் சோபாவின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். தூரத்தில் நின்று பார்த்தார். "பத்தாது. அவரு இன்னும் கொஞ்சம் இருப்பாரு. நீயும் ஏறி உக்காரு" என்று என் கணவரிடம் சொன்னார்.

அவர் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போனதால் நான் ஓடிப்போய் அதை நிறுத்தினேன்.

"ஏம்மா, ஒரு காபி கொண்டாந்து குடு" என்றார் மாமியார் என்னிடம்.

"இப்ப எதுக்கும்மா காபி?" என்றார் அவர் மேலேயிருந்து.

"காபி வாங்கறப்பதானே ஒடைஞ்சுச்சு. வாங்கிப் பாரு."

நான் காபி போட்டுக் கொண்டுவந்து கையை உயர்த்தி நீட்டினேன். அவர் முன்னால் குனிந்து வாங்கினார். சோபா அசையவில்லை. எதிர்வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தவர், வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.

பூ வைக்கும் நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு காரில் வந்தார்கள். தாய்மாமன் ஒரு பை முந்திரிப் பருப்போடு முதல் ஆளாக இறங்கினார். உள்ளே வந்தவர் சோபாவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு நொடி தயங்கினார்.

"வாங்க, இப்படி உக்காருங்க" என்று மாமியார் சோபாவைக் காட்டினார்.

"இல்லிங்கம்மா, முட்டி வலி. நமக்குக் கீழதான் சௌரியம்" என்று சொல்லி, விரித்திருந்த ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முட்டி வலிக்காரர் கீழே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தாய்மாமனே தரையில் உட்கார்ந்தபின் மற்றவர்கள் எப்படி மேலே உட்காருவது? ஒவ்வொருவராகக் கீழே உட்கார்ந்தார்கள். ஹால் முழுக்க ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, சோபா மட்டும் காலியாக, எல்லோருக்கும் மேலே கொலுவிருந்தது. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். உட்கார்ந்து காட்டு, பயமில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று அர்த்தம். என் கணவர் போய் ஏறி உட்கார்ந்தார். கீழே பெரியவர்கள் எல்லாம் அண்ணாந்து அவரைப் பார்த்தார்கள். மேடையில் பேசக் கூப்பிட்டு வைத்த ஆள் மாதிரி சிறிது நேரம் விழித்துவிட்டு அவரும் மெல்லக் கீழே சறுக்கினார்.

பேச்சு சீர் பக்கம் போனது. "நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க பாத்துச் செய்யறது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க சக்திக்குக் கட்டிலு, பீரோ, அப்புறம் ஒரு சோபா..." என்று மாமியார் தொடங்கினார்.

"சோபா மட்டும் வேணாங்கம்மா" என்றார் தாய்மாமன்.

வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அடுப்படியிலிருந்து என் நாத்தனார் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. பிறகு யார் யாரென்று சொல்லமுடியாது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

தாய்மாமனும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்குப் போறப்ப என் தங்கச்சி அரியலூர் வரைக்கும் எங்கூட பேசலைங்க. உன்னால என் மவன் கல்யாணம் நின்னா பாத்துக்கன்னு அதுக்கப்புறம்தான் வாயத் தொறந்தா" என்றார். "உங்களுக்கு ஒரு சோபா வாங்கி அனுப்பலாம்னு கடைக்குக்கூட போனேன். பொண்ணு வூட்டுக்கு நாம சீரு செய்யற மாதிரி ஆயிரும்னு அதுக்கும் இவதான் தடுத்தா. அன்னிலேருந்து எந்த வூட்டுக்குப் போனாலும் நின்னுக்கிட்டே பேசறதுதான். உக்கார்றதில்ல."

"இப்ப உக்காந்து பாருங்க. வூட்டு உத்தரத்தையே அறுத்துப் போட்டிருக்கோம்" என்றார் என் கணவர்.

அவர் எழுந்து வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாதியாக இறங்கி உட்கார்ந்தார். ஒரு முனகல்கூட இல்லை. லேசாக ஆடிப் பார்த்தார். பிறகு அழுத்தி உட்கார்ந்து பார்த்தார்.

"எப்படி இருக்குங்க?" என்று மாமியார் ஆவலாகக் கேட்டார்.

"பலமாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா அன்னிக்கு ஒடைஞ்சு கெடந்தப்ப இத விட சொகமா இருந்துச்சுங்க" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கட்டிலும் பீரோவும் கொடுத்தோம். சோபாவுக்குப் பதில் நாத்தனாரே கேட்டு ஒரு தையல் மிஷின் வாங்கிக்கொண்டாள். எங்கள் சோபா இப்போதும் ஹாலில் இருக்கிறது. மாமியார் மதியத்தில் அதில்தான் படுக்கிறார். கட்டாந்தரை மாதிரி இருப்பதால் இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்கிறார். போன வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து அதை நகர்த்தப் பார்த்து முடியாமல், அதைச் சுற்றி மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். ஹால் முழுக்க வெளிர் மஞ்சள். சோபாவுக்குப் பின்னால் மட்டும் சுவர் பழைய பச்சையிலேயே இருக்கிறது.