கடலுக்கு உப்புக் கொண்டுபோனவள்

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து நிவித்திகல பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த புஷ்பராணி எழுந்திருக்கவே இல்லையாம். நான் அழவில்லை. பக்கத்திலிருந்த சிங்கள அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுத் தந்தார்.

அவள் கருமாதிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவளை வாயாடியாகத்தான் தெரியும். கங்காணி முதல் கடவுள்வரை ஒருவரையும் விட்டுவைக்காத வாய். அந்த வாய் அடங்கிக் கிடந்ததை நான் ஒரு முறைதான் பார்த்தேன்.

மாதர் சங்கத்து ட்ரிப்பில் கற்பிட்டிக்குப் போய், அங்கிருந்து படகில் மீனவக் குடும்பங்கள் வாழும் ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். தண்ணீரில் இறங்குமுன் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலில் உப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். மலையில் அட்டைக்குப் பயந்து தினமும் செய்கிற வேலை. கடலுக்கே உப்புக் கொண்டுவந்த முதல் பொம்பளை நீதான் என்றேன். படகுக்காரருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"பழக்கங்க்கா. ஈரத்தக் கண்டா கையி தன்னால முடிச்சுக்குப் போவுது."

பவளப் பாறை பார்க்கக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட, இவள் மட்டும் படகு விளிம்பில் குனிந்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரியே இருக்கிறது, மீனெல்லாம் கொழுந்து எடுக்கிறது என்றாள்.

கரைக்குத் திரும்பியபோது படகுக்காரரின் மனைவி கால் நனைய நின்றிருந்தார். படகை மணலில் இழுத்துப் போட்டதும் அப்படியே வீட்டுக்கு நடந்தார். புஷ்பராணி கூடவே போய் விசாரித்தாள். படகு வரும்வரை வீட்டிலிருந்து ஒருவர் கரையில் வந்து நிற்பது அவர்கள் வழக்கமாம்.

திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. அவள் புருஷன் முன்பே இறந்துவிட்டான். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கும் வருவதில்லை. எனக்கோ அப்படிச் சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லை. எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பாதை முடக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சொன்னாள்:

"நமக்குன்னு நிக்க யாருக்கா இருக்கா? இனிமே யாரு மொதல்ல வர்றாங்களோ, அவங்க இந்த மொடக்குல நிக்கணும். மத்தவ வர்ற வரைக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது."

அன்றிலிருந்து நின்றோம். பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளை வீடுகளுக்கு அனுப்பிவிட்டு முதலில் வந்தால் நான். மலையிலிருந்து அவள் முதலில் இறங்கினால் அவள். மழையிலும் நின்றோம். லயத்தில் கேலி செய்தார்கள், செய்யட்டும். சண்டை போட்டுப் பேச்சு அறுந்த நாட்களிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

போன் வந்த அன்று பஸ்ஸைவிட்டு இறங்கினேன். முடக்கில் யாரும் இல்லை. அழுகை அங்கேதான் வந்தது.

குளிப்பாட்டும்போது அவள் முந்தானையிலிருந்து அவிழ்த்த உப்பு முடிச்சு என்னிடம் இருக்கிறது. சாயங்காலங்களில் அந்த முடக்கைத் தாண்டி நடக்க எனக்குக் கால் வருவதில்லை. போனாலும் ஒருத்திக்குத்தான் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். முதலில் வந்தவள் நிற்க வேண்டும் என்று சொன்னவள் அவள். முதலில் போய்ச் சேர்ந்தவளும் அவளே. நிற்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது நிற்பாள்.