தையல் இல்லாத காயம்

டிஸ்பென்சரியில் நம்பர் கூப்பிடும் வேலைக்குத் தேவை படிப்பல்ல, தொண்டை. என்னிடம் இருந்ததோ படிப்பு மட்டும். பட்டம் வாங்கி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த எண்பதுகளில், கல்முனையில் ஒரு டொக்டரிடம் அந்த வேலையில் சேர்ந்தேன். டொக்டருக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கறுப்புக் கண்ணாடி

ரசீன் முதல்நாள் வந்தபோது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. காத்திருப்போருக்கான வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு வீட்டுக்குள்ளயும் வெயிலாம்" என்றாள் ஒருத்தி. அவர் ராணுவத்தில் லொறி ஓட்டியவர். வடக்கே கண்ணிவெடியில் லொறி புரண்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து டியூப் லைட் வெளிச்சம் கண்ணுக்குள் ஊசியாகக் குத்தியது. சுகயீன லீவில் சாய்ந்தமருதில் மனைவி வீட்டோடு இருந்தார்.

நான் வழக்கம்போல் வாய்க்குள்ளேயே நம்பரைச் சொன்னேன். "என்ன புள்ள, நம்பர நீயே வச்சிரிக்கப் போறியா?" என்று கத்துவதுதான் அங்கே வழக்கம். அவர் முதல் தடவையிலேயே எழும்பி வந்து சொன்னார்: "இந்த ஊருல உங்கட சத்தம் மட்டும்தான் என்ட தலைக்கு நோகல்ல, தங்கச்சி."

ஜும்ஆவில் எழும்பியவர்

அடுத்த முறை மருந்துக்கு அவர் மனைவி ஜெஸீமா தனியாக வந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருந்த ரசீன், தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டாராம். பட்டாளத்துக்குப் போய் தீனை, மார்க்கத்தையே விட்டுவிட்டான் என்று ஊர் கதைத்தது. வீட்டில் சின்ன மகள் தகர மூடியொன்றைக் கீழே போட, இவர் சோற்றுப் பீங்கானைச் சுவரில் எறிந்து உடைத்தார். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். உறவு முறிந்தால் அதே பெட்டியோடு அவர்தான் வெளியேற வேண்டும். ஜெஸீமா மருந்தை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "வாப்பா பெட்டிய இறக்கித் தூசு தட்டிட்டாரு, தங்கச்சி."

தையல் எங்கே?

அந்த வாப்பா, ஜெஸீமாவின் தகப்பன், நெல் மில் வைத்திருந்த ஹாஜியார். ஒருநாள் மருமகனைக் கூட்டிவந்து, டொக்டர் முன்னால் அவர் தலைமுடியை விரல்களால் பிரித்துக் காட்டினார். "எங்க தையல்? வேலைக்கும் போகாம, பள்ளிக்கும் போகாம, இது நடிப்புத்தானே?" ரசீன் பிள்ளையைப் போலத் தலையைக் குனித்துக்கொண்டு நின்றார்.

"முழங்கால் வீங்கினா ஊருக்கே தெரியும், ஹாஜியார். மூளை வீங்கினா மண்டையோடு மூடி வச்சிரும்" என்றார் டொக்டர். வெடி அதிர்வில் மூளைக்குள் வந்த அழற்சி அடங்கிய பிறகும் தலையிடி, மறதி, கோபம் எல்லாம் மிஞ்சிவிடலாம் என்று விளக்கினார். எப்போது சுகமாகும் என்று ஹாஜியார் கேட்டார். டொக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். தெரியாது என்றார்.

"அப்ப, முடிவு தெரியாத வருத்தத்துக்கு என்ட மகள் எத்தின வருசம் காவல் இரிக்கிற?"

பெட்டி

பிறகு ஒரு காலையில் ஹாஜியார் பெட்டியோடேயே வந்து இறங்கினார். பின்னால் ரசீன், இடுப்பில் மகளோடு ஜெஸீமா. பெட்டியை வாங்கில் வைத்து, டொக்டரின் வாயால் 'நடிப்பு' என்று ஒரு சொல் வந்தால் போதும், இங்கிருந்தே மருமகனைச் சம்மாந்துறை பஸ்ஸில் அவருடைய தாய் வீட்டுக்கு ஏற்றிவிடுவேன் என்று சத்தம் போட்டார். காத்திருந்தவர்களும் ஆளுக்கொரு நியாயம் சொல்லிக் கத்தினார்கள். ரசீன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். மகள் வீரிட்டாள். அவருடைய வலது கை காதை விட்டு மெல்ல எழுவதைக் கண்டேன். எனக்கு அந்த உடைந்த பீங்கான் நினைவுக்கு வந்தது.

கத்தி அடக்க எனக்குத் தொண்டை இல்லை. எழும்பிப் போய் லைட்டை அணைத்தேன், ஜன்னலையும் சாத்தினேன். இருட்டியதும் எல்லோருடைய சத்தமும் தானாக இறங்கியது. எழுந்த கை மகளின் காலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அந்த அமைதியில் ஜெஸீமா, என்னையும்விட மெதுவாகச் சொன்னாள்: "வீடு எனக்கு எழுதித் தந்தது, வாப்பா. ஆர் இரிக்கிற, ஆர் போற எண்டு நான்தான் சொல்லணும். கொண்டு வந்த பெட்டிய நீங்களே திருப்பிக் கொண்டு போய் வைங்க."

நியமனம் கிடைத்து நான் விலகும்வரை ரசீனுக்குத் தலையிடியும் போகவில்லை, எனக்குச் சத்தமும் வரவில்லை. ஆனாலும் அவருடைய நம்பரை மட்டும் நான் ஒருநாளும் இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை.